கேங்கில் ஒரே பென்ஷன்காரன்

ரயில்வேக்காரர்களுக்கும் இனிமேல் பென்ஷன் உண்டு என்று ஐம்பத்தேழாம் வருஷக் கடைசியில் செய்தி வந்தபோது தண்டவாளத்தைப் பழுது பார்க்கும் கும்மிடிப்பூண்டி கேங்கில் ஒருவரும் துள்ளிக் குதிக்கவில்லை. சும்மா யார் கொடுப்பார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். சந்தேகம் நியாயமானதுதான். அதுவரை சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் பிடித்து, ரயில்வேயும் தன் பங்குக்குக் கொஞ்சம் போட்டு, வேலையை விட்டுப் போகும்போது மொத்தமாகக் கொடுக்கும் ஃபண்டு ஒன்று இருந்தது. பென்ஷன் கேட்கிறவன் விஷயத்தில் ரயில்வே தான் போட்ட பங்கை எடுத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக அவன் கண்ணை மூடும் வரை மாதாமாதம் ஒரு தொகை வரும். மூடிய பிறகு வீட்டாருக்குக் கிடைப்பது சொற்பம். எது வேண்டும் என்று அவரவரே சொல்ல வேண்டும்; சொன்னதை மாற்ற முடியாது.

கேங்கு ஆட்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். பெண்ணைக் கட்டிக் கொடுக்கவும் ஒரு கூரையைப் போட்டுக்கொள்ளவும் மொத்தப் பணம்தான் உதவும். மேஸ்திரி சின்னதுரை, எல்லாருக்கும் ஃபண்டு என்று சொல்லிவிட்டார். தண்டவாளம் தூக்கும்போது ஒருத்தன் கை தளர்ந்தால் இன்னொருத்தன் கால் போய்விடும். ஒரே மூச்சில் தூக்கிப் பழகியவர்கள், இதிலும் ஒரே பிடியாக நின்றார்கள். பக்கத்து கேங்குகளிலும் இதே கதை. நாற்காலி வேலை பார்க்கிறவர்களில் ஓரிருவர் பென்ஷன் பக்கம் சாய்ந்ததாகக் கேள்வி.

சோறு இறங்காமல் தவித்தவன் கீமேன் தேசப்பன் ஒருத்தன்தான்.

கீமேன் வேலை தனியாள் வேலை. மற்றவர்கள் கும்பலாகப் பாட்டுப் பாடிக்கொண்டு சல்லி இடிக்கும்போது, அவன் தோளில் நீளச் சுத்தியலும் கையில் கொடியுமாகக் கவரைப்பேட்டை பக்கம் நடந்துகொண்டிருப்பான். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆப்பு எங்கே தளர்ந்திருக்கிறதோ அங்கே ஒரு தட்டு. போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம். வழியில் பேசக் கிடைப்பது நாரைகள்தான். அவற்றுக்கும் அவனிடம் பேச்சு வைத்துக்கொள்ள நேரமில்லை.

குவார்ட்டர்ஸிலும் அவன் தனிதான். ஆனால் பெண்டாட்டி இல்லாதவன் இல்லை. கங்கம்மா நாயுடுபேட்டைப் பெண். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அவளுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தேசப்பன் கேங்கில் சொன்னான். அப்புறம் நில வழக்கு என்றான். அப்புறம் பையனுக்கு அங்கேதான் பள்ளிக்கூடம் சௌகரியம் என்றான். சம்பள நாள் வந்தால் யாராவது ஒருவர் கங்கம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். அவனும் ஊர்க்கதையெல்லாம் சொல்லுவான். அந்தக் கொஞ்ச நேரம் அவனும் குடும்பஸ்தன்.

நடந்தது வேறு. பையனுக்கு நாலு வயசிருக்கும்போது புதுச் சட்டை எடுத்துக்கொண்டு நாயுடுபேட்டை போனான். கடைத்தெருவில் ஒரு வளையல் கடையில் கங்கம்மா உட்கார்ந்திருந்தாள். பையன் கடைக்காரன் மடியில் ஏறி, அப்பனைக் கூப்பிடுவதுபோல் அவனை "நைனா" என்று கூப்பிட்டான். தேசப்பன் சட்டையை அக்குளில் இடுக்கியபடி ஸ்டேஷனுக்கு வந்து அடுத்த வண்டி ஏறினான். சண்டை போட்டிருக்கலாம், நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்டிருக்கலாம். அவனுக்கு அதெல்லாம் வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் வருஷம் தவறாமல் பெண்டாட்டி பிள்ளை பேரில் ரயில்வேயின் இலவசப் பாஸ் வாங்குவான். நாயுடுபேட்டை வரை போய், பிளாட்பாரத்தைத் தாண்டாமல் பெஞ்சியில் உட்கார்ந்திருந்துவிட்டு, அங்கேயே முறுக்கு வாங்கிக்கொண்டு திரும்புவான். கங்கம்மா சுட்டுக் கொடுத்தனுப்பினாள் என்று கேங்கு முழுக்கப் பங்கு வைப்பான். அவள் கைப்பக்குவத்தை எல்லாரும் மெச்சித் தின்பார்கள்.

இப்போது இந்தப் பென்ஷன் வந்து தொலைத்தது. ஃபண்டு என்று சொல்லிவிட்டால் எல்லாரோடும் எல்லாருமாக இருந்துவிடலாம். ஆனால் வேலை முடிந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கேட்பாரற்ற கிழவன் கையில் மொத்தப் பணம் எத்தனை நாள் தங்கும்? தீர்ந்த பிறகு ஒரு கஞ்சி ஊற்ற ஆள் யார்? மாதாமாதம் வந்தால் எந்த ஓட்டலிலும் மரியாதையாக உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் பென்ஷன் வேண்டும் என்று சொன்னால், பெண்டாட்டி பிள்ளையை வைத்துக்கொண்டு ஏன் என்று கேட்பார்கள். அங்கேதான் அவன் மாட்டிக்கொண்டான்.

மெட்ராஸிலிருந்து ஒரு கிளார்க் வண்டியில் வந்து இறங்கி, ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்தார். எல்லாருக்கும் ஃபண்டே என்று மேஸ்திரி மொத்தமாகச் சொல்லிவிட்டார். ஒவ்வொருவராக வந்து பெருவிரல் மையை மரத்தில் துடைத்துவிட்டுப் போனார்கள். தேசப்பன் முறை வந்தது.

"எனக்குப் பென்ஷன் எழுதுங்க சார்."

மேஸ்திரிக்கு முகம் மாறிவிட்டது. "இன்னாடா பேச்சு இது? புள்ளைக்கு இன்னா வெச்சிட்டுப் போவே?"

தேசப்பன் அவரைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னான். "எனக்கு ஊடும் இல்ல, புள்ளையும் இல்ல மேஸ்திரி. அவ வேற ஒருத்தனோட கீறா. ரொம்ப நாளாச்சி."

எல்லாரும் வாயைப் பிளக்கப் போகிறார்கள் என்று நினைத்தான். ஒருத்தனும் பிளக்கவில்லை. ஒருவன் பீடி பற்றவைத்தான். இன்னொருவன் தலையைக் குனிந்துகொண்டான். கிளார்க் இங்க் பாட்டிலைத் திறந்து எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் மேஸ்திரி அவனோடு கூடவே குவார்ட்டர்ஸ் வரைக்கும் நடந்து வந்தார்.

"தெரியும்டா," என்றார். "நாயுடுபேட்டை ஸ்டேஷன் முறுக்கு இந்த லைன்ல எவன் துன்னல? நீ சொல்லிக்கினு இருந்தே, நாங்க கேட்டுக்கினு இருந்தோம். அதுல யாருக்கு இன்னா நஷ்டம்?"

தேசப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே நெஞ்சு லேசாகவும் இருந்தது. இனிப் பொய்க்குப் பொய் முட்டுக்கொடுக்க வேண்டாம் என்று அன்று வயிறாரச் சாப்பிட்டான்.

அடுத்த சம்பள நாளில் ஒருவரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. நல்ல மனுஷர்கள், புண்ணைக் கிளற வேண்டாம் என்று பார்த்தார்கள். தங்கள் பெண்டாட்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்கள்கூட அவன் வந்தால் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். கங்கம்மா என்ற பெயரை உலகத்தில் அவனிடம் சொல்ல இருந்தவர்கள் அந்த ஆட்கள்தான் என்பது தேசப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வருஷம் அவன் பாஸ் வாங்கவில்லை.

தீபாவளிக்கு மேஸ்திரி வழக்கம்போலப் பலகாரம் கொண்டுவந்தார். வருஷா வருஷம் வாசலில் நின்று, "கங்கம்மா இந்தத் தபா வர்லியா?" என்று கேட்பவர். தேசப்பன் அந்தக் கேள்விக்காகக் கதவைப் பிடித்தபடி நின்றான். கேட்டிருந்தால், வரவில்லை என்று உண்மையைத்தான் சொல்லியிருப்பான். அவர் பலகாரத்தைக் கையில் கொடுத்து, சூடாக இருக்கும்போதே சாப்பிடச் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.