சந்தை வழியாகப் போன புரதம்

வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பது. பல்லாவரத்தில் ஒரு கூரியர் கிடங்கின் மேசைமேல் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி இருந்தது. என் தங்கை ஒட்டியிருந்த டேப்பைக் கிழித்து மூடியை ஒரு விரல் அளவு தூக்கினாள். மெல்லிய புகை வந்து உடனே நின்றது.

“டிரை ஐஸ் கொஞ்சம்தாண்ணா இருக்கு.”

உள்ளே, சுண்டுவிரல் நுனி அளவுக் குப்பியில், அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் இருந்தது. ரத்தக்குழாயின் உட்சுவரில், கெட்டுப்போன கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஓர் ஏற்பிப் புரதம். மனிதப் புரதம்தான், ஆனால் எந்த மனிதர் உடலிலிருந்தும் எடுத்ததல்ல. மனித மரபணுவை வேறு செல்களுக்குள் செலுத்தி, தொட்டியில் வளர்த்துப் பிரித்தது. இளகினால் கெட்டுவிடும். வழியில் எங்கோ தேங்கி, தாமதமாக வந்திருந்தது. இன்னொன்று வரவழைத்தால், அது வருவதற்குள் அவளுடைய உதவித்தொகைக் காலம் முடிந்துவிடும். டிரை ஐஸ் தீர்வதற்குள் இதைத் தாம்பரம் ஆய்வகத்தின் உறைபெட்டியில் சேர்த்தாக வேண்டும்.

திங்கட்கிழமைதான் கொண்டுவந்து தர முடியும் என்று கூரியரில் சொல்லிவிட்டதால், என் ஸ்கூட்டரில் வந்திருந்தோம். பெட்டியை மடியில் வைத்து அவள் பின்னால் உட்கார்ந்தாள். பிரதான சாலைக்குப் போக வெள்ளிக்கிழமைச் சந்தையைக் கடக்க வேண்டும். தெருவின் இரு பக்கமும் பழைய மிக்சிகள், செடிகள், மீன் தொட்டிகள். நடுவில் ஜனம். வண்டி நின்றுவிட்டது.

பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு இதயப் படம் ஒன்று இருந்தது. இதயநோய் ஆராய்ச்சிக்கான பொருள் என்பதற்கு அந்த நிறுவனம் ஒட்டும் அடையாளம். கிழித்த டேப்பின் வழியே லேசாகப் புகை கசிந்தது. கிளிக் கூண்டு விற்றவர் படத்தைப் பார்த்தார், புகையைப் பார்த்தார். தானமாகக் கிடைத்த இதயத்துக்காகப் போக்குவரத்தை நிறுத்தி வழிவிடும் ஊர் இது. அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“யோவ், ஹார்ட்டு போவுது! வழி வுடு!”

“ஹார்ட் இல்லண்ணா! ஆராய்ச்சிக்குப் போகுது!” என்று தங்கை கத்தினாள்.

“அதாம்மா, ஹார்ட்டு ஆராய்ச்சி. நீ கெட்டியா புச்சிக்கோ!” கூண்டைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்கு முன்னால் ஓடினார். “தோ, அந்த மிக்சிய அந்தாண்ட இழு! அங்க உயிரு போய்கினு கீது, இவன் பேரம் பேசிகினு கீறான்!”

கூட்டம் பிளந்தது. குக்கர் மூடிகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி செருப்பைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

சந்தை முடியும் இடத்தில் தங்கை என் தோளைத் தட்டினாள். “நிறுத்துண்ணா.”

“நேரம் போகுது.”

“அவங்க கும்பிடுறாங்கண்ணா.”

பெட்டியோடு இறங்கி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கூண்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். குப்பி, புரதம், கொழுப்பு. கும்பிட்ட பெண்மணியும் செருப்பைக் கையில் பிடித்தபடி வந்து சேர்ந்துகொண்டார்.

“அப்ப இத்த யாருக்கும் வெக்கப் போறதில்லியா?” என்றார் கூண்டுக்காரர்.

“இல்லண்ணா. இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா, பின்னாடி மருந்து வரலாம்.”

“வரலாமா, வருமா?”

“தெரியாதுண்ணா.”

“நல்லா கீதே! தொண்ட கிழிய கத்துனவங்கிட்ட வந்து தெரியாதுன்ற!” அவர் சிரித்துவிட்டார். “எங்கூட்டு கிளி கூட பொய் சொல்லும்மா. நீ தேற மாட்ட.”

பெண்மணி சிரிக்கவில்லை. “எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு ஸ்டென்ட் வெச்சிக்கீது. கொஞ்சம் சீக்கிரமா கண்டுபுடி கண்ணு” என்றார்.

“வெயில்ல நிக்காத, கெளம்பு” என்று கூண்டுக்காரர் விரட்டினார். அவரே சாலையில் இறங்கி, கையை நீட்டி ஒரு பேருந்தை நிறுத்தி எங்களை அனுப்பினார்.

குரோம்பேட்டையில் சிக்னல் விழுந்தது. தங்கை பெட்டியைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள். ஆய்வகத்தில் திறந்தபோது கோலிக்குண்டு அளவு டிரை ஐஸ் மிச்சமிருந்தது. குப்பியை உறைபெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்திய பிறகுதான் தண்ணீர் குடித்தாள்.

அடுத்த வாரம் சோதித்தாள். புரதம் கொழுப்பைப் பிடித்தது. ஆனால் எதிர்பார்த்ததில் பாதி அளவே. நினைத்திருந்த சோதனைகளில் சிலவற்றைக் கைவிட்டு, மீதியை வைத்து அத்தியாயத்தை எழுதத் தொடங்கினாள். குப்பி கூரியரில் வந்த வழியில் இளகியதா, சந்தை முனையில் நின்றபோது இளகியதா என்பதை அந்தச் சோதனை காட்டாது.