மூணடி தள்ளி நிக்கிற மனுஷன்

என் வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல வெச்ச பேரு மூணடி. வீடு வீடா போய் குழாய் கேஸ் மீட்டர் பார்த்து எழுதுற வேலை. பெல் அடிச்சதும் மூணடி பின்னால போய், அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரா பிடிச்சு, இன்னொரு கையை விரிச்சுக் காட்டிட்டு நிப்பார். கூட வேலை பாக்குறவங்க யாரும் அப்படி நிக்கிறதில்ல. அவங்க நிறம் வேற. கதவைத் திறந்ததும் எங்க இனத்து முகத்தைப் பார்த்தா சிலருக்கு மூஞ்சி சுருங்கும். அதுக்காக இந்த மனுஷன் பன்னெண்டு வருஷமா வேலையில குரலை உசத்தினதில்ல, வேகமா நடந்ததில்ல. "உங்களுக்கு ரோஷமே கிடையாதா?"ன்னு நான் கத்துவேன். "வேலை முடியணும்ல"ன்னு சிரிப்பார். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அன்னைக்கு சாயங்காலம் கடைசி வீடு. தனியா இருக்கிற வயசான அம்மா. வாசப்படி ஏறும்போதே கேஸ் நாத்தம் குமட்டியிருக்கு. பெல்லை அமுக்கப் போன கையை இழுத்துக்கிட்டார். பெல்லுல ஒரு பொறி கிளம்பினா போதும், வீடே போயிடும். போனையும் அங்க எடுக்கக் கூடாது. வெளிச்சுவர்ல இருந்த வால்வை ஸ்பானர் போட்டு மூடினார். ஆனா உள்ள நிறைஞ்சது நிறைஞ்சதுதானே. அந்தம்மாவை வெளிய வரவைக்க ஒரே வழி, கதவை இடிச்சுக் கத்தணும்.

இடிச்சார். கத்தினார். ஜன்னல் திரை விலகிச்சு. ஜலதோஷத்துல மூக்கு அடைச்சுக் கிடந்ததால அந்தம்மாவுக்கு நாத்தம் தெரியல. இவர் முகம்தான் தெரிஞ்சது, கையில ஸ்பானர் வேற.

"கேஸ் கசியுது, வெளிய வாங்கம்மா."

"போயிடு. போலீஸைக் கூப்பிடுவேன்."

இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஆளை நல்லா பாக்கணும்னு அந்தம்மா கை வாசல் லைட் சுவிட்சுக்குப் போச்சு.

"சுவிட்சைத் தொடாதீங்க!"

அந்த அதட்டல்ல கை அந்தரத்துல நின்னுடுச்சு. இவர் கண்ணை எடுக்காம முறைச்சுக்கிட்டே நின்னாராம். "பயப்படட்டும், பயந்து சுவிட்சைத் தொடாம இருந்தாத்தான் பொழைப்பாங்கன்னு நினைச்சேன்"னு அப்புறம் என்கிட்ட சொன்னார்.

எதிர்வீட்டுக்காரர் போலீஸுக்குச் சொல்லிட்டார். வந்தவங்க எதுவும் கேக்கல. இவரை நடைபாதையில குப்புறத் தள்ளி முதுகுல முழங்காலை ஊனினாங்க. தரையில முகத்தை வெச்சுக்கிட்டே "கேஸ், கேஸ்"னு சொல்லியிருக்கார். அதுல ஒருத்தருக்கு மட்டும் மூக்கு வேலை செஞ்சது. அவர் போய் அந்தம்மாவை வெளிய கூட்டிட்டு வந்தார். அடுப்புத் திருகு பாதி திறந்து கிடந்ததாம்.

பத்து நாள் கழிச்சு ஆபீஸுக்கு அந்தம்மா கடிதம் போட்டிருந்தாங்க. உயிரைக் காப்பாத்தினவருக்கு மனசார நன்றி, இனிமே மீட்டர் பாக்க தயவுசெஞ்சு வேற ஆளை அனுப்புங்கன்னு. "பெருசா எடுத்துக்காதீங்க"ன்னு சொல்லி மேலதிகாரி இவருக்கு வேற தெருவைக் குடுத்துட்டார்.

கடிதத்தை என்கிட்ட நீட்டினார். நான் அந்தம்மாவைக் கண்டபடி திட்டினேன். என்னை அடக்க வழக்கமா சிரிக்கிறவர் அன்னைக்குச் சிரிக்கல.

"என்னைத் தெரியாததாலதான் பயப்படுறாங்கன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன். இந்தம்மாவுக்கு இப்போ என்னைத் தெரியுமே"ன்னார்.