கண்காட்சி அட்டையில் ஒரு கேள்வி

மலாயா சுதந்திரம் பெற்ற மறு ஆண்டு. வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி ரயிலில் கோலாலம்பூரை விட்டேன். சிங்கப்பூர் ஏறக்குறைய 245 மைல். பார்க்கப் போனது தபால்தலைக் கண்காட்சி என்றாலும் போன காரியம் வேறு. பக்கத்து வீட்டு வேலாயுதத்துக்கு நுரையீரல் கெட்டு, டாக்டரும் கைவிரித்துவிட்டார். தகவல் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான்: சிங்கப்பூரில் இருக்கும் தம்பி மணியம்.

தாயின் சாவுக்கு மணியம் ஒரு நாள் பிந்தி வந்தார். "இனி என் வாசலை மிதிக்காதே" என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டார் வேலாயுதம். ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. ஆனால் இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே தபால்தலைப் பித்து. சிங்கப்பூரில் கண்காட்சி நடக்கும்போதெல்லாம், அங்கே வெளியிடும் பட அட்டையில் தபால்தலை ஒட்டி, சிறப்பு முத்திரை வாங்கி, அண்ணன் பேருக்கு அனுப்புவார் தம்பி. அண்ணனும் ஆல்பத்தில் வைத்துக்கொள்வார். முகவரி தவிர ஓர் எழுத்து இருக்காது. எழுதினால் அட்டை கெட்டது என்பது சேகரிப்பவர்களின் விதி. அந்த விதி இருவருக்கும் நல்ல மறைவாகப் போயிற்று.

சனிக்கிழமை காலை பத்து மணி. ஜாலான் புசார் தெருவில் ஓர் இரும்புக்கடை. ஆணி நிறுத்துக்கொண்டிருந்த மணியத்திடம் விஷயத்தைச் சொன்னேன். தராசில் கை நின்றது.

"அவரு கூப்பிட்டாரா, அண்ணே?"

"வாய் திறந்து கூப்பிடல. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்பாங்க..."

"பழமொழிய நம்பி ரயிலேற முடியாதுலா. மறுபடியும் 'போ'ன்னுட்டாருன்னா?"



பிற்பகல் இரண்டு மணி. இருவருமாக மூன்று சக்கர டிரைஷாவில் கண்காட்சி மண்டபத்துக்குப் போனோம். கூலி அறுபது காசு. ஆற்றுப் படகுகள் படம் போட்ட அட்டை இருபது காசு. மணியம் ஒன்று வாங்கி, தபால்தலை ஒட்டி, முகவரி எழுதினார். வரிசை நகர்ந்தது. அவர் பேனாவை மூடவில்லை. முகவரிக்குப் பக்கத்து வெற்றிடத்தில் எழுதினார்: "அண்ணே, வரட்டுமா?"

முத்திரை குத்துகிற யாழ்ப்பாணத்து இளைஞர் பதறிப்போனார். "ஐயோ, எழுதிப் பழுதாக்கிப்போட்டீங்களே! வேற ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ, குத்தித் தாறன்."

"இதையே குத்துங்க."

நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். மணியம் தலையசைத்து மறுத்தார். "வேணாம்ணே. நீங்க குடுத்தா உங்க முகத்துக்காகச் சரின்னுருவாரு. தபால்ல போகட்டும்."

ஞாயிறு காலை ரயில். கடைத்தெருச் சத்தம், கண்காட்சிக் கூட்டம் எல்லாம் பின்னால் போயின. ஜொகூர் பாலம் தாண்டும்போது எனக்கிருந்தது ஒரே நினைப்பு: எனக்குப் பின்னால் வரும் அட்டை வந்து சேரும்வரை அந்த மனிதருக்கு மூச்சு இருக்க வேண்டும்.

செவ்வாய் பதினோரு மணிக்குத் தபால்காரர் வந்தார். வேலாயுதம் வழக்கம்போல் முதலில் பூதக்கண்ணாடியை முத்திரைமேல் வைத்தார். பிறகு கண்ணாடி மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. அங்கேயே நெடுநேரம் நின்றது.

"பதில் எழுதணுமா?" என்று கேட்டேன்.

"அதுக்கு நேரமில்ல. தந்தி அடிச்சிருங்க."

"என்னன்னு?"

"வான்னு."

தந்தி ஆபீசில் குமாஸ்தா தாளைத் திருப்பிப் பார்த்தார். இதே கட்டணத்துக்கு இன்னும் சில சொல் போடலாமே என்றார்.

"அது ஒண்ணு போதும், தம்பி" என்றேன்.