பாங்கொக்கில் கட்டிய நூல்

புத்த கோயிலுக்குள் கால் வைத்தால் ஞானஸ்நானம் தானாகக் கழன்றுவிடும் என்று நம்பினவன் நான். சிரிக்காதையுங்கோ. நாற்பது வயதில், கப்பல் குசினியில் கறி காய்ச்சிக்கொண்டு, அப்படித்தான் நம்பினனான்.

அரிசி ஏற்ற பாங்கொக் போன இடத்தில் மூன்று விகாரை பார்த்தேன். முதலாவதில் வாசலோடு நின்றுவிட்டேன். இரண்டாவதில் சட்டைப்பைக்குள் செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். மூன்றாவதில் ஒரு வயதான பிக்கு என் நெற்றி வியர்வையைப் பார்த்துத் தண்ணீர் தந்து, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டிவிட்டார். நீ ஆர், எந்தச் சமயம் என்று கேட்கவில்லை. அறுக்காதே, தானாக விழட்டும் என்று கைச்சாடையால் சொன்னார்.

திருகோணமலையில் இறங்கிய அன்றே கதை தொடங்கிவிட்டது. இங்கே வெள்ளை நூல் கட்டின தமிழன் என்றால், புத்த சமயத்துக்கு மாறித் துறைமுகத்தில் பதவி உயர்வுக்கு அலைகிறான் என்று அர்த்தமாம். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம்; நான்தான் ஞானத்தகப்பன். அதற்கு முதல்நாள் வீட்டுக்குப் போனபோது அவளுடைய புருஷன் வாசலிலேயே மறித்தார்.

"என்ன மச்சான், எப்ப மொட்டை அடிக்கிறீங்கள்?"

"இது ஒரு மனுசன் அன்பாக் கட்டினது."

"ஓம், ஊருக்கு அப்பிடிச் சொல்லுங்கோ. பங்குச் சுவாமி கண்டால் பிள்ளையைப் பிடிக்க விடமாட்டார். நூல் இருந்தால் நான் வேற ஆளைப் பாப்பன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாகத்துக்குத் தண்ணீர் தந்த கை கட்டிய நூல், கடல் கடந்ததும் கட்சிக்கொடி ஆகிவிடுமோ? ஒரு கூட்டம் சமயத்தைப் பார்த்து வேலை கொடுக்கிறது. மற்றக் கூட்டம் மணிக்கட்டைப் பார்த்து ஆளை அளக்கிறது. இரண்டுக்கும் நேர்த்தி வைத்தா நான் பிறந்தேன்? "அறுக்க ஏலாது!" என்று கத்திவிட்டு வந்தேன்.

என் வீரம் மாதா கோயில் வாசல் மட்டும்தான். நூல் தெரியாமல் அதன் மேல் கை மணிக்கூட்டைக் கட்டியிருந்தேன். கோயில் மூப்பர் நேராக என் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு என்னை நோக்கி நடந்தார். கிணற்றடிக்கு ஓடி, நூலைப் பல்லால் கடித்து அறுத்துக் கிணற்றுக்குள் எறிந்தேன்.

திரும்பி வந்தபோது மூப்பர் அங்கேயே நின்றார்.

"எங்க தம்பி ஓடினீங்கள்? நேரம் என்ன? மணி அடிக்க வேணும்."

பிள்ளையை நான்தான் பிடித்தேன். சுவாமி என் கையைப் பார்க்கவேயில்லை.