கடைசியாக நீந்திய தேதி

மனைவிமாரையும் கூட்டிக்கொண்டு மாலத்தீவுக்குச் சாகசப் பயணம் போவது என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான்கு ஆண்கள் முடிவு செய்தார்கள். நால்வரில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. பஜ்ஜித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்த எனக்குத் தெரியும். அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் கைப்பேசியில் அந்தக் கடலின் படத்தைக் காட்டியபோதே எனக்கு ஆசை வந்துவிட்டது. அதில் இறங்க வேண்டும், கழுத்துவரை அல்ல, தலை முழுக. அந்த ஆசையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு இன்னும் நாலு பஜ்ஜி போடப் போனேன்.

நால்வரும் மைசூர்க் குக்கரஹள்ளி ஏரியில் காலை நடைக்குப் போகிறவர்கள். பாதிச் சுற்று நடந்து, மீதிப் பாதியை நினைத்து மலைத்து, தோசை சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பும் நடை அது. என் கணவர் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவருடைய நண்பர் ஒருவர் வங்கி அதிகாரி. பயணத் திட்டம் முழுக்க அவருடையது, அதனால் அவரை மனதுக்குள் தலைவர் என்றே கூப்பிடுவேன். மற்ற இருவரும் தலைவர் சொல்வதற்குத் தலையாட்டுகிறவர்கள். அவர்களைத் தனித்தனியாக விவரித்து நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

தசரா விடுமுறையில் போவதாக ஏற்பாடு. ஊரே மைசூருக்கு வரும் நாளில் இவர்கள் ஊரைவிட்டுப் போவார்களாம், அதுவே முதல் சாகசம். அதற்கு ஐந்து மாதம் முன்பிருந்தே பொருள்கள் வந்து சேர்ந்தன. பவளப்பாறை குத்தாமலிருக்க ரப்பர் செருப்பு. கழுத்தில் மாட்டிக்கொள்ள, தண்ணீர் புகாத பை. நூறு மீட்டர் ஆழத்திலும் ஓடும் கைக்கடிகாரம் ஒன்றை என் கணவர் வாங்கிக் கட்டிக்கொண்டார். ரிங் ரோட்டில் மழைத் தண்ணீர் தேங்கினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடும் மனிதர் அவர். தலைவர் சின்ன ரைஸ் குக்கர் ஒன்றும் ஆறு பாக்கெட் புளியோகரே பொடியும் எடுத்து வைத்தார். சுறாமீனைப் பக்கத்தில் போய்ப் பார்க்கத் துணிந்தவர்களுக்கு அந்த ஊர் ஓட்டல் சாப்பாட்டைப் பார்க்கத் துணிவில்லை.

நீச்சல் தெரியாமல் கடலுக்கடியில் எப்படி இறங்குவது என்ற கேள்வி ஜூலையில்தான் அவர்களுக்கு உதித்தது. ஊர் நீச்சல் குளத்தில் பன்னிரண்டு நாள் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். ஒரு காலைநேரம் கணவர் மறந்துவிட்டுப் போன துண்டைக் கொடுக்கப் போனபோது பார்த்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் நான்கு தொந்திகள் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தன. பக்கத்துத் தடத்தில் ஏழு வயதுப் பிள்ளைகள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். என் கணவர் என்னைப் பார்த்துக் கையசைக்கப் போய், கம்பியை விட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்து, மறுபடி கம்பியைப் பிடித்தார். வீட்டுக்கு வந்ததும், "மூச்சுதான் முக்கியம், கன்ட்ரோல் பண்ணத் தெரியணும்" என்று எனக்கு விளக்கினார். நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே ம் கொட்டினேன். அந்த ம்-இல் எவ்வளவு இளக்காரம் இருந்தது என்று அவருக்குப் புரிந்திருந்தால் அன்றைக்கே சண்டை வந்திருக்கும்.

அப்புறம் தலைவர் அட்டவணை தயாரித்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினார். ஆண்களுக்கு ஐந்து நாளும் கடலுக்கடியில் இறங்கும் ஸ்கூபா, ஜெட் ஸ்கி, கயாக். கீழே 'லேடீஸ் ப்ரோக்ராம்' என்று தனியாக ஒரு பெட்டி. அதில் கண்ணாடித் தளம் போட்ட படகில் ஒரு மணி நேரம், மசாஜ், ஷாப்பிங். மற்ற மூன்று மனைவிமார்களும் கைகூப்பும் படமும் பூவும் போட்டுப் பதில் அனுப்பினார்கள். அவர்கள்மேலும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. படகுக்குக் கண்ணாடித் தளமாவது வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷப்படும் கூட்டம். நானும் ஒரு கைகூப்பும் படம் அனுப்பினேன்.

நான் பிறந்தது மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில், கௌதள்ளிப் பக்கம். எங்கள் தோட்டக் காட்டில் ஒரு கிணறு, அதில் இருபதடித் தண்ணீர். ஆறு வயதில் என் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, என் பெரியண்ணன் மேட்டிலிருந்து தள்ளிவிட்டான். அதில் அழகாகச் சொல்ல எதுவும் இல்லை. பாசி வழுக்கும், பொந்தில் தண்ணீர்ப்பாம்பு இருக்கும், ஏறி வரும்போது படி முட்டியைச் சிராய்க்கும். பத்து நாளில் குடுக்கையை அவிழ்த்துவிட்டார்கள். பன்னிரண்டு வயதில் அடித்தரை மண்ணை அள்ளிக்கொண்டு மேலே வந்து காட்டுவேன்.

கல்யாணமான வருஷம், மாமியார், நாத்தனார், சின்ன மாமியார் என்று குடும்பத்தோடு காவிரிக் கரையிலிருக்கும் தலக்காட்டுக்குப் போனோம். எல்லோரும் கரையோர மணலில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு குளித்தார்கள். தண்ணீரைக் கண்டதும் எனக்குக் கை கால் நிற்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். எதிர்க் கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். கரை ஏறினேன். மாமியார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு துண்டை நீட்டினார். திரும்பும் பஸ்ஸில் கணவர் என் காதருகே குனிந்து, "இனிமே இதெல்லாம் வேண்டாம், பார்க்கறவங்க என்ன நெனப்பாங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "சரிங்க" என்றேன். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் நான் எந்தத் தண்ணீரிலும் இறங்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, டிராவல்ஸ் அலுவலகத்திலிருந்து வந்த படிவங்களை என் கணவர் சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். மொத்தம் எட்டு. ஒவ்வொரு வீட்டிலும் ஆண்களே மனைவிக்கும் சேர்த்து நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். சேர்க்கைப் படிவங்களில் பிழை பார்ப்பதுதான் வருஷத்தில் பாதி நாள் என் வேலை.

"ஏம்மா, எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடு. ஞாயித்துக்கிழமை குடுக்கணும்" என்றார்.

அவருடைய படிவத்தில், 'நீச்சல் தெரியுமா?' என்ற இடத்தில் 'ஆம்' கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக். கம்பியைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு நாள் உதைத்தவருக்கு அந்த டிக்கை அவ்வளவு அழுத்தமாகப் போட எப்படி மனம் வந்ததோ. சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்தேன். அது என்னுடையது. அதே பேனா, அதே அழுத்தம். நீச்சல் தெரியுமா? இல்லை.

சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏனுங்க, என்னுதுல நீச்சல் தெரியாதுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா. அதுக்கென்ன? நீங்க லேடீஸ் எல்லாம் போட்லதானே போப்போறீங்க."

"எனக்குத் தெரியுமுங்க."

அவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார். "உனக்கா? எப்போ கத்துக்கிட்டே?"

"தலக்காட்டுல ஆத்தைத் தாண்டிப் போய்ட்டு வந்தனே. கல்யாணமான வருஷம். உங்கம்மா, சித்தி எல்லாரும் கரையில இருந்தாங்களே."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றி சுருங்கியது. "தலக்காட்டுக்குப் போனது நெனப்பிருக்கு. நீ நீஞ்சினியா? எனக்கு நெனப்பே இல்லயே."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். பொய் சொல்லும்போது இடது காதைச் சொறிவார். கை அசையவில்லை. அந்த மனிதருக்கு உண்மையிலேயே மறந்துபோயிருந்தது. ஆற்றை மறந்தது மட்டுமில்லை, பஸ்ஸில் என் காதில் சொன்னதும் சேர்ந்தே போய்விட்டது. அவர் போட்ட பூட்டை இருபத்தாறு வருஷம் நான் காவல் காத்திருக்க, அவர் சாவியை எப்போதோ கீழே போட்டுவிட்டு நடந்து போயிருக்கிறார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"சரி ஆய்த்து, தெரியும்னா மாத்திப் போட்டுக்கோ. அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டு மறுபடி கைப்பேசிக்குள் போய்விட்டார். அவ்வளவுதான். ஒரு அதுக்கென்ன.

பேனாவை எடுத்து 'இல்லை'யை அடித்தேன், 'ஆம்' என்று போட்டேன். அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது. 'ஆம் எனில், கடைசியாக நீந்திய தேதி.'

பேனா அங்கேயே நின்றுவிட்டது.

அவர் எட்டிப் பார்த்து, "போன மாசம் ஏதாவது ஒரு தேதியப் போடு, யாரு பார்க்கப் போறா" என்றார்.

வேலையில் எத்தனை படிவங்களை, இந்த வரி காலி, அந்த வரி காலி என்று பெற்றோர் முகத்துக்கு நேரே திருப்பி நீட்டியிருப்பேன். இப்போது என் வரி காலி. பள்ளிக்குப் போகும் பஸ் தினமும் அந்த நீச்சல் குளத்தைத் தாண்டித்தான் போகிறது. சனிக்கிழமை மத்தியானம் பெண்கள் மட்டும் என்று வாசலில் பெரிய போர்டு, பதினைந்து வருஷமாக இருக்கிறது. யார் என் காலைக் கட்டிப் போட்டார்கள்? மாமியார் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. தலைவரைப் பார்த்துச் சிரித்தேன், என் கணவரைப் பார்த்துச் சிரித்தேன், பூப்படம் அனுப்பிய பெண்களைப் பார்த்துச் சிரித்தேன். அந்த ஆண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டாவது தண்ணீரில் இறங்கினார்கள். நான் ஒரு மனத்தாங்கலை வைத்துக்கொண்டு, அதற்குத் தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டு, கரையிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறேன். என்மேல் எனக்கு வந்த வெறுப்புக்கு அளவில்லை.

அந்த வரியைக் காலியாகவே விட்டேன்.

வெள்ளிக்கிழமை தேவராஜ அர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் கணுக்கால்வரை மூடும் நீச்சல் உடை வாங்கினேன். கடைப் பெண் மகளுக்கா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன்.

சனிக்கிழமை பள்ளி அரை நாள். குளத்தில் என்னைத் தவிர நான்கைந்து கல்லூரிப் பெண்கள். பயிற்சி கொடுக்கும் பெண் என் நரையைப் பார்த்துவிட்டு, மிதக்கும் பலகை ஒன்றைக் கையில் கொடுத்து, "இந்தப் பக்கமே இருங்க மேடம், அந்தப் பக்கம் ஆழம்" என்றாள். பலகையை ஓரத்தில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் நடந்தேன். படி வழியாக இறங்கத் தோன்றவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

மருந்து நெடி மண்டைக்குள் ஏறியது. கண் எரிந்தது. கை கால்கள் கேட்காமலே வேலையை ஆரம்பித்துவிட்டன, மூச்சுதான் கைவிட்டது. பாதி நீளத்தில் நெஞ்சு அடைத்து, ஓரக் கம்பியைத் தாவிப் பிடித்துக்கொண்டு இருமினேன். ஆமாம், அதே கம்பிதான். இரண்டாம் முறையும் பாதிதான். மூன்றாம் முறை எதிர்ச் சுவரைத் தொட்டேன், நின்று மூச்சு வாங்கித் திரும்பி வந்தேன். தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவைத்து, கையை அகலமாகத் தள்ளிக்கொண்டு நான் வருவதைப் பயிற்சிப் பெண் வேடிக்கை பார்த்தாள்.

"இது எந்த ஸ்டைல் மேடம்?"

"கெணத்து ஸ்டைல்" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த வரியில் அன்றைய தேதியைப் போட்டேன். சாயங்காலம் கணவர் என் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்தார். என் தலைமுடி ஈரமாகவே இருந்தது. அதிலிருந்து வந்த குளோரின் வாடையைக் கூடம் முழுக்க முகரலாம். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் பஜ்ஜித் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தலைவர் படிவங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். என்னுடையதைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இவங்க நேத்துத் தேதி போட்டிருக்காங்களே?"

"நேத்து நீஞ்சினதால போட்டேனுங்க" என்று சமையலறை வாசலிலிருந்து சொன்னேன். "லேடீஸ் ப்ரோக்ராம்ல என் பேரை அடிச்சிடுங்க. நான் ஸ்கூபாவுக்கு வர்றேன்."

யாரும் பஜ்ஜியைக் கடிக்கவில்லை. தலைவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். தலைவர் அட்டவணையில் ஒரு கோடு கிழித்தார்.

எல்லோரும் போன பிறகு கணவர் சமையலறைக்கு வந்து நின்றார். அவர் அங்கே வருவதே அபூர்வம். முகத்தில் கிண்டல் இல்லை, கோபமும் இல்லை, கொஞ்சம் கூச்சம்தான் இருந்தது.

"நீச்சல் தெரிஞ்சும் ஏன் இத்தனை வருஷம் நீஞ்சவே இல்ல?"

அடுப்பை அணைத்தேன். பஸ்ஸில் அவர் சொன்ன வார்த்தைகள் ஒன்றுவிடாமல் நாக்கு நுனியில் நின்றன.

"மறந்துட்டேனுங்க" என்றேன்.

அவர் நம்பிவிட்டார்.