சுகந்தியும் நான்காம் வகுப்பின் தூசி ஆய்வும்

வேப்பம்பட்டில் மின்ரயிலுக்குக் காத்திருந்தபோது ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்தன. நானும் ஒன்றைப் போட்டேன். அதன் பிறகுதான் மேலே தள்ளி, யாருக்கென்று பார்த்தேன். சுகந்தி. மூளையில் ரத்தக்கசிவாம்; இறந்துவிட்டார். வயதில் என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர்.

காக்களூர் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் தொடக்கப்பள்ளியில் நான் தலைமையாசிரியை. அவர் நான்காம் வகுப்பு ஆசிரியை. அவரை அறிந்த உங்களுக்கு அந்தத் தூசி ஆய்வு நினைவிருக்கும். எண்ணெய் தடவிய வெள்ளைத் துணிகளைப் பிள்ளைகள் ஊரில் நான்கு இடங்களில் கட்டினார்கள். ஒரு வாரம் கழித்து அவிழ்த்து வந்து, பெற்றோர் கூட்டத்தில் தாங்களே விளக்கினார்கள். பள்ளி வாசலில் கட்டியதுதான் மிகவும் கறுத்திருந்தது.

பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தகப்பனார் எழுந்தார். “இன்னா மிஸ், எங்க கம்பெனி மேல பழி போட சொல்லிக்குடுக்கறீங்களா? அத நம்பித்தான் எங்க ஊட்ல அடுப்பு எரியுது.”

சமாதானம் சொல்ல நான் எழுந்தேன். சுகந்தி என் கையைத் தொட்டார். “அவளே சொல்லட்டும் மேடம்.”

துணியைப் பிடித்திருந்தவள் அந்தத் தகப்பனாரின் மகள் யாமினி. வகுப்பில் வாயே திறக்காதவள். “இல்ல நைனா. எங்க ஜாஸ்தின்னுதான் பார்த்தோம். எங்கேர்ந்து வருதுன்னு இன்னும் பார்க்கல.” அவர் மெல்ல உட்கார்ந்தார்.

“சத்தமா பேசுறது முக்கியம் இல்ல மேடம், பார்த்ததுக்கு மேல ஒரு வார்த்தை கூட்டாம பேசணும்” என்றார் சுகந்தி அன்று.

திங்கட்கிழமை பள்ளியில் இரங்கல் கூட்டம். அர்ப்பணிப்பு, கனிவு, ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றெல்லாம் பேசி இறங்கினேன். இப்போது ஐந்தாம் வகுப்பில் படிக்கும் யாமினி என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“மேடம், மிஸ்ஸ பத்தி எப்போ பேசுவீங்க?”

“இப்பதானேம்மா பேசினேன்.”

“அது பொதுவா சொன்னீங்க. மிஸ் இன்னா செஞ்சாங்கன்னு சொல்லவேயில்லயே.”

குறை சொல்லும் குரல் இல்லை அது. உண்மையாகவே காத்திருந்திருக்கிறாள். எனக்கு முகம் கூசியது. அவளை உட்காரச் சொல்லவும் தோன்றவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மணி அடித்ததும் அவள் போய்விட்டாள்.

சுகந்தி வளர்த்த பிள்ளைக்கு முன்னால் பதிலின்றி நின்ற அந்தக் கூச்சம்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதை நான் போக்கிக்கொள்ளப் போவதில்லை.