சவுரியைக் கழற்றிய பிறகு

குளிக்கும் இடத்தில் தண்ணீர் வடியாமல் கணுக்கால் வரை நின்றது. அதுதான் நான் கவனித்த முதல் அறிகுறி. குனிந்து, வடியும் துளைக்குள் விரலை விட்டு இழுத்தேன். கைப்பிடி நிறைய முடி வந்தது. நரை ஓடிய முடி. மகள் கமலாவுடையது அல்ல, என்னுடையது.

அதற்கு மூன்று மாதம் முன்புதான் எனக்கு டைபாய்டு (குடலைப் பாதிக்கும் நெடுநாள் காய்ச்சல்) வந்து தணிந்திருந்தது. அப்படிப்பட்ட காய்ச்சலுக்குப் பிறகு முடிவேர்கள் ஓய்வெடுக்கும், மூன்றாம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், பிறகு தானாகவே முளைக்கும் என்று பின்னால் டாக்டர் சொன்னார். முன்பே தெரிந்திருந்தால் ஒன்றும் செய்யாமல் இருந்திருப்பேன். தெரியாமல் நான் செய்ததை, முடி கொட்டிக்கொண்டிருக்கிற யாராவது படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி இருந்தது. நான் அதிகம் பேச மாட்டேன். நாங்கள் குடியிருக்கும் காஜா பெராங்கில் பலருக்கு என் பெயர் தெரியாது. காய்கறி வாங்கும் பாசாரில் "முடிக்காரம்மா" என்பார்கள். பேசத் தெரியாத எனக்கு அந்த முடிதான் பேசியது.

சீப்பில் வரும் முடியை எறியாமல் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். பல வருடம் சேர்ந்ததை மூன்று புரியாகக் கட்டி ஒரு சவுரி செய்து வைத்திருந்தேன். சொந்த முடியில் செய்ததால் நிறம் வேறுபடாது. தலையில் முடி குறையக் குறைய அந்தச் சவுரியை எடுத்துக் கட்டினேன். நழுவாமலிருக்க இறுக்கிக் கட்டினேன். மீந்த கொஞ்ச முடியே அத்தனை பாரத்தையும் சுமந்தது.

கமலாவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு கிளேபாங்கில். யாராவது திடீரென்று வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் படுக்கும்போதும் சவுரியைக் கழற்றவில்லை. உச்சி வலித்தது. பிறகு கொப்புளம் வந்தது. முடி வளரும் என்று அண்ணி சொன்னதால், அந்தக் கொப்புளத்தின் மேலேயே சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்தேன். எரிச்சலில் கண் இருண்டது.

துவைத்த தலையணை உறையில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை போகாமல் இருந்தது. கொடியில் அதைப் பார்த்தவர் பக்கத்து வீட்டு பீபி. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தமிழை மறந்துவிட்ட செட்டிக் குடும்பத்தவர், எங்களிடம் மலாயில்தான் பேசுவார். உறையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "காசியான்," என்று இரக்கப்பட்டார். பிறகு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சவுரியை அவிழ்த்தபோது அதோடு என் முடியும் சேர்ந்து வந்தது.

"எத்தினை நாளா இதைக் கட்டுறியள்?"

"ஒன்றரை மாசமா."

"படுக்கேக்கையுமோ?"

தலையாட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"காய்ச்சலால விழுந்தது திரும்பி வரும். நீங்கள் இழுத்துக் கட்டினதால விழுந்ததுதான் எனக்குக் கவலை. சீழ் பிடிச்சிருக்கு. முழுக்க வழிக்க வேணும்."

"மகளுக்கு ஆறு வாரத்துல கல்யாணம், டாக்டர்."

"சீழ் உள்ளுக்குப் போய்த் தழும்பு விழுந்தா அந்த இடத்தில முடி ஒருநாளும் வராது. யோசிச்சுச் சொல்லுங்கோ."

நான் யோசித்தது முடியைப் பற்றி அல்ல. கன்னிகாதானத்தின்போது தாய்தான் தண்ணீர் ஊற்றித் தாரை வார்க்க வேண்டும். கணவர் இருக்கும்போதே மொட்டைத் தலையோடு மணவறையில் நின்றால் என்ன சொல்வார்கள்? என்னை நிற்க விடுவார்களா? கமலா என் ஒரே பிள்ளை.

"வழிச்சிடுங்க," என்றார் வீட்டுக்காரர். நானும் சரி என்றேன்.

பெனிசிலின் (சீழை ஆற்றும் மருந்து) ஊசி போட்டார்கள். தலை முழுவதும் ஊதா மருந்து தடவினார்கள். வெளியே வந்தபோது காற்று நேராகத் தலையில் பட்டது. துணியில்லாமல் நிற்பது போல இருந்தது.

அண்ணி ஒரு வழி சொன்னார். "மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டதுன்னு சொல்லிடு. காய்ச்சல்ல பொழச்சதுக்கு எறக்குனேன்னு சொன்னா, காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போவாங்க."

எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. அப்படியே சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துச் சம்பந்தியம்மா வந்தார். முந்தானையால் மூடியிருந்த என் தலையைப் பார்த்தார். "வேண்டுதலாமே. எந்தக் கோயில்ல எறக்குனீங்க?"

பொய் நாக்கு வரைக்கும் வந்தது. அம்மன் பெயரைச் சொல்ல முடியவில்லை.

"கோயில் இல்லீங்க. ஆஸ்பத்திரி," என்றேன். முந்தானையை இறக்கிக் காட்டினேன்.

அண்ணி அடுப்படிக்குள் போய்விட்டார். சம்பந்தியம்மா என் தலையிலிருந்த ஊதா மருந்தைப் பார்த்தார். பிறகு, "தப்பா நெனைக்காதீங்க. தாரை வாக்குறத உங்க அண்ணி செய்யட்டுமே. பாக்குறவங்க நாலு விதமாப் பேசுவாங்க," என்றார்.

நான் முந்தானையை மறுபடி தலைக்கு மேலே இழுத்துக்கொண்டேன். வீட்டுக்காரர்தான் பேசினார். அவரும் அதிகம் பேசுபவர் அல்ல.

"அவ என்ன தலையாலயா தண்ணி ஊத்தப் போறா, சம்பந்தியம்மா? கையாலதானே?"

சம்பந்தியம்மா காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தார். "அந்த ஊதா பட்டுல பட்டாப் போகாது. தலைக்கு வெள்ளத் துணி ஒண்ணு கட்டிக்கிட்டு, மேல முந்தானைய போட்டுக்குங்க," என்றார்.

அப்படியே கட்டிக்கொண்டு நின்றேன். சிலர் பேசினார்கள். காதில் விழுந்தது. கமலாவின் கையின் மேல் ஒரே தாரையாகத் தண்ணீர் ஊற்றினேன்.

மூன்றாம் மாதம் பூனைக்குட்டி முடி போல முளைத்தது. உச்சியில் ஒரு நாணயம் அளவு இடத்தில் மட்டும் தழும்பு விழுந்துவிட்டது. அங்கே இனி வராது.

இப்போது நான் செய்வதெல்லாம் இவ்வளவுதான். வாரம் இருமுறை சீயக்காய், இளஞ்சூட்டுத் தண்ணீர். ஈரத்தில் சீப்பு வைப்பதில்லை. நுனிச் சிக்கை முதலில் எடுத்துவிட்டு மேலே போகிறேன். தளர்வாகப் பின்னுகிறேன். முட்டை, கீரை, மீன் சாப்பிடுகிறேன். புண்ணில் எதையும் தேய்ப்பதில்லை. எந்த எண்ணெயும் முடியை அவசரப்படுத்தாது. மாதம் அரை அங்குலம்தான், அதன் வேகம் அது.

இரண்டு வருடமாகிறது. முடி தோளைத் தாண்டியிருக்கிறது. காலையில் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு தடவிப் பார்க்கிறேன். நுனியில் இருப்பது கமலாவின் கல்யாணம் முடிந்த கையோடு முளைத்தது. நான்கு விரல் மேலே மெர்டேக்கா, நாடு சுதந்திரமடைந்த நாள். அன்று தெருவெல்லாம் கொடி கட்டியிருந்தது, எனக்குக் காதை மறைக்கக்கூட முடி இல்லை. காதருகே பேரன் பிறந்த மாதம். அதற்கும் மேலே, வேருக்குப் பக்கத்தில், விரலுக்குத் தட்டுப்படாத அளவில் இந்த வாரம் இருக்கிறது.